ஐரிஷ்காரர்களின் அமெரிக்கக் கடிதத்தில் வீட்டுச் செய்தி எங்கே இருக்கிறது?

கேள்வி இது: 1850க்கும் 1910க்கும் இடையில் அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைக் கால்வே பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பத்திருபது படித்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. உடம்பு சௌக்கியம், இத்துடன் கொஞ்சம் பணம், இன்னார் தவறிவிட்டார், இன்னார் வந்து சேர்ந்தார். என்ன சாப்பிட்டார்கள், எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பதெல்லாம் ஏன் இவற்றில் இல்லை?

இருக்கிறது. ஆனால் நாட்குறிப்பைப் படிப்பதுபோலப் படித்தால் கண்ணில் படாது. அந்தக் கடிதங்களைக் கூட்டுக்குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காகப் படிக்க வேண்டும். கடலுக்கு இந்தப் பக்கம் பாதிக் குடும்பம், அந்தப் பக்கம் பாதிக் குடும்பம். நடுவில் ஓடும் ஒரே கணக்குநோட்டு கடிதம்தான். அதைப் படிக்க மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கடிதம் அனுப்ப என்ன செலவு, அதை ஊரில் யார் யார் கேட்டார்கள், பணம் எந்த வழியாகப் போனது. இந்த மூன்றும் பிடிபட்டால் அடுப்பும் அரிசிப்பானையும் (அவர்களுக்கு உருளைக்கிழங்குப் பானை) தானாகத் தெரியும்.

முதலில் தபால் செலவு. 1848இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அரை அவுன்ஸ் கடிதத்துக்கு அமெரிக்காவிலிருந்து 24 சென்ட், அயர்லாந்திலிருந்து 1 ஷில்லிங் (20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு). அரை அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 14 கிராம். அயர்லாந்தில் பண்ணைக் கூலிக்கு ஒரு முழுநாள் உழைத்தாலும் பல இடங்களில் ஒரு ஷில்லிங் கிடைக்காத காலம் அது. பணம் கட்டாமலும் அனுப்பலாம், பெறுபவர் கட்டிக்கொள்வார். ஆனால் பாதி கட்டினால் அந்தப் பாதி போனது போனதுதான். பெறுபவரிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிவிடுவார்கள். எடை கொஞ்சம் மிஞ்சினால் கட்டணம் இரட்டிப்பு. அதனால்தான் வெங்காயத்தோல் மாதிரித் தாள், ஓரம்வரை நெருக்கிய எழுத்து. சிலர் ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக அடுத்த பக்கத்தை எழுதினார்கள். ஸ்கேனில் இது வலைபோட்ட மாதிரித் தெரியும். பெரிதாக்கிவிட்டு, ஒரே திசையில் ஓடும் வரிகளை மட்டும் முதலில் படித்து முடிக்க வேண்டும். பிறகு படத்தை 90 டிகிரி திருப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம்.

கட்டணம் 1868இல் 12 சென்ட், 1870இல் 6, 1875இல் 5 என்று இறங்கியது. 1908 அக்டோபரில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெறும் 2 சென்ட். கடிதத்தின் குணமும் இதோடு மாறுவதைக் காணலாம். 1850களில் ஒரே தாளில் நான்கு பேர் எழுதியிருப்பார்கள். அண்ணன் தொடங்குவார், அண்ணி இரண்டு வரி சேர்ப்பார், பக்கத்து வீட்டுக்காரர் தன் தாய்க்கு ஒரு சேதி சொருகுவார். 1880களில் ஆளுக்கொரு கடிதம், அதற்குள் போட்டோ, செய்தித்தாள் துண்டு, மார்ச் மாதம் ஊரிலிருந்து வரும் உறையில் அயர்லாந்தின் பாதுகாவலரான செயின்ட் பேட்ரிக்கின் நாளுக்கான ஷாம்ராக் என்கிற மூவிலைச் செடி. அப்போதுதான் சில்லறைச் செய்தி பெருகுகிறது. சட்டி பானை, துணிமணி, பிள்ளைக்குப் பல் முளைத்தது எல்லாம் மலிவுத் தபாலின் பிள்ளைகள்.

இரண்டாவது, கேட்பவர்கள். அமெரிக்கக் கடிதம் வந்தது என்றால் அது தனிமனிதருக்கு வந்த கடிதமாக இருக்காது. அக்கம்பக்கம் கூடும், எழுத்துத் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பையனோ வாத்தியாரோ பங்குத்தந்தையோ உரக்கப் படிப்பார். மேற்கு அயர்லாந்தில் வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் எழுதக் கற்றுக்கொடுத்ததோ ஆங்கிலம். ஆக, பேசும் மொழி ஒன்று, எழுதும் மொழி வேறு. அந்தச் சங்கடத்துக்கு வாய்பாடு கைகொடுத்தது. “இந்தச் சில வரிகள் உங்களை நல்ல சுகத்தில் கண்டடையும் என்று நம்புகிறேன், கடவுள் அருளால் நாங்கள் எல்லோரும் சுகம்” என்கிற தொடக்கம் நம் “நலம், நலமறிய ஆவல்” போலத்தான். அதில் செய்தி தேடாதீர்கள். ஆனால் அந்த வரி இல்லாமல் ஒரு கடிதம் தொடங்கினால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகியிருக்கிறது.

ஊரே கேட்கும் என்று தெரிந்தே எழுதுவதால் அவமானம் தரும் எதுவும் உள்ளே வராது. குடி, வேலை போனது, கணவன் விட்டுவிட்டுப் போனது, மணமாகாமல் பிள்ளை, சிறை, இவை வெளிக்கடிதத்தில் கிடையாது. தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே மடித்து வைப்பார்கள், அல்லது வேறொரு சகோதரிக்கு எழுதுவார்கள். ஆவணக் காப்பகத்தில் பெரிய தாள் பத்திரமாக இருக்கும், துண்டுத்தாள் அடுப்புக்குப் போயிருக்கும். “அவன் எங்களுக்கு எழுதுவதில்லை”, “அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை” என்று ஒரு வரி வந்தால் அதைத்தான் அடிக்கோடிட வேண்டும். மரணச் செய்திக்குத் தனி மரியாதை உண்டு: உறைக்கும் தாளுக்கும் கறுப்பு ஓரம். பிரிப்பதற்கு முன்பே வீடு தெரிந்துகொள்ளும்.

இப்போது பணம். இதுதான் கடிதத்தின் முதுகெலும்பு. பிரிட்டிஷ் குடியேற்ற ஆணையர்கள் வங்கிகளிலும் கப்பல் கம்பெனிகளிலும் கேட்டுத் தொகுத்த கணக்குப்படி, வட அமெரிக்காவிலிருந்து 1848இல் வந்த தொகை 4,60,000 பவுண்டு. 1854இல் 17,30,000 பவுண்டு. கடிதத்துக்குள் வெறும் நோட்டாக வைத்து அனுப்பியது இந்தக் கணக்கில் சேராது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பிப் போனவர்கள், போன ஆறேழு வருடத்துக்குள் அனுப்பிய பணம் இது.

அனுப்பும் முறை இப்படி. நியூயார்க்கில் இருப்பவர் ஐரிஷ் குடியேறிகள் சங்கத்துக்கோ, அதன் ஆட்கள் 1850இல் சேம்பர்ஸ் தெருவில் தொடங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கிக்கோ, கப்பல் ஏஜென்டிடமோ போவார். டாலரைக் கட்டி, பெறுபவர் பெயருக்கு பவுண்டில் ஒரு டிராஃப்ட் வாங்குவார். அதன் எண்ணைத் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்வார். டிராஃப்டைக் கடிதத்துக்குள் வைத்து, தொகையை எழுத்தாலும் எழுதி, பங்கையும் பிரித்துச் சொல்வார்: 3 பவுண்டில் அம்மாவுக்கு இரண்டு, தங்கைக்குச் செருப்பு வாங்கப் பத்து ஷில்லிங், பாட்டிக்குத் தேயிலை புகையிலைக்கு ஐந்து, அப்பா ஆத்துமாவுக்குப் பூசை வைக்க மிச்சம். இந்தப் பங்கீட்டு வரி ஒரு குடும்பத்தின் குறுக்குவெட்டுப் படம். யாருக்குப் பங்கு உண்டு, யார் பெயர் இந்த முறை விடுபட்டது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால், சண்டை எந்த வருடம் வந்தது, யார் இறந்தார் என்பதெல்லாம் கடிதம் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எங்கே சொதப்பும்? பெயரில்தான். ஹொனோரா என்று டிராஃப்ட் எடுத்திருப்பார்கள், ஊரில் அவள் நோரா. மேற்கு மாவட்டங்களில் கல்யாணமான பெண்ணை ஊர் பிறந்த வீட்டுப் பெயரிலேயே கூப்பிடும். மகன் அமெரிக்க வழக்கப்படி அப்பாவின் குடும்பப் பெயரைப் போட்டுவிடுவான். வங்கி குமாஸ்தா பணம் தரமாட்டார். டிராஃப்ட் திரும்பிப் போய் மறுபடி வர இரண்டு மூன்று மாதம். அடுத்த கடிதத்தில் “பெயரை இப்படி எழுது” என்று எழுத்தெழுத்தாகப் பாடம் நடத்தியிருப்பார்கள். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அந்த வரி புதையல். கையெழுத்துத் தெரியாத தாய் பெருக்கல்குறி போட வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும்; சாட்சி பெரும்பாலும் கடைக்காரர். கடைக்காரருக்குத் தெரிந்தால் பற்றுவரவு நோட்டு உடனே வெளியே வரும். பணம் வீடு வந்து சேரும்போது பாதி கடனுக்குப் போயிருக்கும். இதனாலேயே 1871இல் இரு நாட்டுக்கும் இடையே மணியார்டர் வந்தது பெரிய வசதியாக இருந்தது.

எந்த மாதத்தில் பணம் வந்தது என்றும் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவது ஊரே எதிர்பார்க்கும் தொகை. மற்றபடி மே, நவம்பர். பண்ணைக் குத்தகை கட்டும் தவணை நாட்கள் பெரும்பாலும் மே 1, நவம்பர் 1. மார்ச்சில் ஊரிலிருந்து புலம்பல் கடிதம் கிளம்பினால் அது மே குத்தகைக்காக. புலம்பலின் நேரத்தை வைத்தே அது நிஜப் பஞ்சமா, தவணைப் பஞ்சமா என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

1862 முதல் சில வருடம் தொகை சட்டென்று சுருங்கும். மகள் மனம் மாறிவிட்டாள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உள்நாட்டுப் போரில் அமெரிக்க அரசு தங்கத்தோடு தொடர்பில்லாத காகித டாலரை அச்சடித்தது. சாதாரணமாக ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர். 1864 கோடையில் 100 டாலர் தங்கம் வாங்க 250க்கும் மேல் காகித டாலர் தேவைப்பட்டது. ஒரு பவுண்டின் விலை 12 டாலரைத் தாண்டியது. வீட்டுவேலையில் கிடைக்கும் ஒன்றரை இரண்டு மாதச் சம்பளம் அது. “இப்போது மாற்று மோசம், கொஞ்சம் பொறுங்கள்” என்று எழுதியிருந்தால் அது சாக்கு அல்ல.

பணத்துக்கு அடுத்தது டிக்கெட். தம்பிக்கோ தங்கைக்கோ அமெரிக்காவிலேயே பயணச்சீட்டைக் கட்டி அனுப்புவார்கள். பாய்மரக் கப்பலில் அடித்தட்டுக்கு நான்கைந்து பவுண்டு, ஐந்தாறு வாரப் பயணம். நீராவிக் கப்பல் காலத்தில் ஆறு கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) அளவில், பத்துப் பன்னிரண்டு நாள். 1870 வாக்கில் ஏறக்குறைய எல்லோரும் நீராவிக்கு மாறிவிட்டார்கள். ஒரு மகள் போய் அடுத்தவளை இழுப்பாள், அவள் அடுத்தவனை. வரிசை தப்பினால் அடுத்த நான்கு கடிதத்துக்கு மனத்தாங்கல்தான். சீட்டு ஒருவர் பெயரில் வந்து, அவருக்கு உடம்பு முடியாமலோ அம்மா விடமாட்டேன் என்றோ நின்றுவிட, கூடப்பிறந்த இன்னொருவர் ஏறிப் போவதும் நடந்தது. கப்பல் பட்டியலில் உள்ள வயதும் பெயரும் பிறகு வரும் மக்கள்தொகைக் கணக்கோடு ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

எப்போது வரச் சொல்கிறார்கள் என்பதிலும் குடித்தனம் தெரியும். ஆண்களை மார்ச், ஏப்ரலில் கிளம்பச் சொல்வார்கள். கட்டட வேலை, ரயில்பாதை வேலை எல்லாம் பனி உருகிய பிறகுதான் தொடங்கும். நவம்பரில் வந்து இறங்கினால் நான்கு மாதம் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வீட்டுவேலை வருடம் முழுக்க உண்டு.

ஐரிஷ் குடியேற்றத்தின் தனித்தன்மையே இந்தப் பெண்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து ஆண்கள்தான் அதிகம் போனார்கள். இங்கே ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். அதிலும் பெரும்பகுதி கல்யாணமாகாமல் தனியாகப் போன இளம்பெண்கள். 1850களில் வீட்டுவேலைக்கு மாதம் 4 முதல் 7 டாலர். தெருவில் மண் வெட்டும் ஆணுக்கு நாளைக்கு ஒரு டாலர் வரை. பார்த்தால் ஆண் சம்பளம் பெரிது. ஆனால் அவனுக்கு மழையானால், பனியானால் கூலி இல்லை. வாடகை, சாப்பாடு, விறகு எல்லாம் கைக்காசு. அவளுக்கு இருப்பிடமும் சாப்பாடும் முதலாளி வீட்டில். கையில் வருவது அப்படியே மிச்சம். ஊருக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பியவர்களில் மகள்கள் முன்னால் நின்றதற்கு இந்தக் கணக்கே போதும். பாசத்தைத் தராசில் வைக்க வேண்டியதில்லை.

அந்த மிச்சத்துக்கு அவள் கொடுத்த விலை நேரம். விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பல் அள்ளி, கரி போட்டு மூட்டி, இரும்பு அடுப்புக்குக் கறுப்பு மை தேய்த்துப் பளபளப்பாக்கி, வெந்நீர் மாடிக்குத் தூக்க வேண்டும். திங்கள் துவைப்பு, செவ்வாய் இஸ்திரி. சொந்த நேரம் என்பது வியாழன் பிற்பகலும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிறும். கடிதம் எழுதுவதும், அத்தை வீட்டுக்குப் போய்ச் செய்தி சேகரிப்பதும் அந்த அரைநாளில்தான். பிரிஜிட் என்ற பெயர், செல்லமாக பிடி, அமெரிக்கப் பத்திரிகைகளில் மக்கு வேலைக்காரிக்குக் கேலிப்பெயராகிவிட்டது. அதனால் பல பிரிஜிட்கள் டீலியா ஆனார்கள். ஊர்க்கடிதத்தில் பிரிஜிட், அமெரிக்கக் கல்யாணப் பதிவில் டீலியா என்றால் இரண்டு சகோதரிகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

வேலைக்காரப் பெண்ணின் இன்னொரு தொல்லை முகவரி. வீடு மாறினால் கடிதம் பழைய முதலாளியிடம் தங்கிவிடும். எனவே கல்யாணமான அக்கா, மளிகைக்கடைக்காரர், கோயில் இவற்றின் மேற்பார்வையில் எழுதச் சொல்வார்கள். 1863 ஜூலைக்கு முன் அமெரிக்க நகரங்களில் தபால்காரர் கட்டணமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வழக்கமே இல்லை; தபால் நிலையத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்காத கடிதங்களின் பட்டியல் செய்தித்தாளில் வரும். நியூயார்க்கில் குடும்பமாக இருப்பவர்களுக்கும் நிலைமை சுகமில்லை. அங்கே வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் மே 1 அன்று முடியும். பாதி நகரம் அன்றைக்கு வண்டியில் சாமான் ஏற்றும். ஊரில் குத்தகை நாள், இங்கே வீடு மாறும் நாள், இரண்டும் ஒரே தேதி. அதனால் ஏப்ரலில் எழுதிய கடிதம் தொலைய வாய்ப்பு அதிகம். நீங்கள் முகவரிப் புத்தகங்களில் ஒரு குடும்பத்தைத் தேடினால் வருடா வருடம் புதிதாகத் தேட வேண்டும். சென்ற வருட முகவரியில் நின்றுவிடக் கூடாது.

குடித்தனம் எப்படி இருந்தது என்று கிட்டத்தில் பார்க்க நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் நல்ல சான்று. 1863இல் கட்டியது, இன்று அருங்காட்சியகம். ஒரு குடும்பத்துக்கு மூன்று அறை, மொத்தம் ஏறத்தாழ 325 சதுர அடி. முன்னறையில் மட்டும் வெளிச்சம். நடு அறை சமையல், பின்னறை படுக்கை, இரண்டும் இருட்டு. தண்ணீரும் கழிப்பிடமும் பின்முற்றத்தில். துவைக்க வேண்டுமானால் வாளி வாளியாக மாடி ஏற்றி, கரியடுப்பில் காய்ச்சி, அழுக்குத் தண்ணீரை மறுபடி கீழே இறக்க வேண்டும். “இங்கே தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது” என்று ஒரு மகள் எழுதினால், ஊரில் அரை மைல் நடந்து கிணற்றுக்குப் போன தாய்க்கு அது சொர்க்கமாகக் கேட்கும். எத்தனை மாடி என்பதை மகள் எழுதமாட்டாள்.

1869இல் அங்கே மூர் என்ற ஐரிஷ் குடும்பம் இருந்தது. அந்த வருடம் அவர்களுடைய கைக்குழந்தை ஆக்னஸ் ஊட்டமின்றி மெலிந்து இறந்தது. அந்தக் கால நகரத்துப் பால் என்ன என்று தெரிந்தால் இது புரியும். சாராய ஆலைகளின் சூடான கழிவை மாடுகளுக்குக் குடிக்கக் கொடுத்து, கறந்த நீலம்பாரித்த பாலைச் சுண்ணாம்புத்தூள் போட்டு வெள்ளையாக்கி விற்றார்கள். 1858இல் பிராங்க் லெஸ்லியின் வாரப் பத்திரிகை இதைப் படத்தோடு அம்பலப்படுத்தியும் உடனே நின்றுவிடவில்லை. ஊரில் மோரும் பாலும் குடித்து வளர்ந்த தாய்க்கு, காசு கொடுத்து வாங்கிய பால் பிள்ளையைக் கொல்லும் என்று எப்படித் தோன்றும்? கடிதத்தில் “கடவுள் எங்கள் சின்னக் குழந்தையை எடுத்துக்கொண்டார்” என்று மட்டும் இருக்கும்.

வாடகையைச் சமாளிக்க ஒண்டுக்குடி வைப்பது சாதாரணம். ஊர்க்காரப் பையன்கள் இரண்டு மூன்று பேர் சமையலறையில் படுப்பார்கள். அவர்களுக்குச் சோறும் துவைப்பும் வீட்டுக்காரி பொறுப்பு. மக்கள்தொகைக் கணக்கில் மனைவியின் தொழில் ‘வீட்டைக் கவனிப்பவர்’ என்றுதான் இருக்கும், ஆனால் உண்மையில் அவர் நடத்தியது ஒரு சின்ன மெஸ். கடிதத்தில் “எங்களோடு நிறையப் பேர் இருக்கிறார்கள், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை” என்று வந்தால் அதன் பொருள் இதுதான். நிலக்கரியை டன் கணக்கில் வாங்க முதலும் இல்லை, வைக்க இடமும் இல்லை. வாளிக் கணக்கில் வாங்க, விலை கூடுதல். திங்கட்கிழமை ஞாயிற்று உடுப்பு அடகுக்கடைக்குப் போகும், சனிக்கிழமை கூலி வந்ததும் மீண்டு வரும். போட்டோவில் தெரிவது அந்த உடுப்புதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். “தினமும் இறைச்சி சாப்பிடுகிறோம்” என்ற வரி கடிதங்களில் வந்துகொண்டே இருக்கும். பெருமையும் உண்டு, உண்மையும் உண்டு. ஊரில் பன்றிதான் குத்தகை கட்டும். வளர்ப்பார்கள், விற்பார்கள், பண்டிகைக்கு ஒரு துண்டு உப்பிட்ட பன்றிக்கறியை முட்டைக்கோஸோடு வேகவைப்பார்கள். நியூயார்க்கில் அதே உணவுக்கு மலிவாகக் கிடைத்தது யூதக் கசாப்புக்கடைகளின் உப்புநீரில் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறி. ‘கார்ண்டு பீஃப் முட்டைக்கோஸ்’ ஐரிஷ் தேசிய உணவானது அமெரிக்காவில், அயர்லாந்தில் அல்ல. இரண்டு கிலோ துண்டை ஒருமுறை கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூன்று மணி நேரம் சிணுங்க விட வேண்டும். பொங்கப் பொங்கக் கொதித்தால் நார் விறைத்துக் கயிறாகிவிடும். உருளைக்கிழங்கு கடைசி அரைமணிக்கு, கோஸ் கடைசிக் கால்மணிக்கு. ஒரே சட்டி, ஒரே அடுப்பு, நெருப்பைக் குறைத்து வைத்துவிட்டுத் துவைக்கப் போகலாம். ஒண்டுக்குடிகளுக்குப் பொங்கிப் போடும் பெண்ணுக்கு இதைவிடத் தோதான சமையல் கிடைக்காது.

சோடா ரொட்டியும் கடல் தாண்டி மாறியது. ஊரில் நாலே பொருள்: கோதுமை மாவு, ஆப்பசோடா, உப்பு, மோர். ஐரிஷ் கோதுமை மென்மையானது, ஈஸ்டுக்கு ஒத்துவராது. புளித்த மோரின் அமிலம் சோடாவோடு சேர்ந்து உடனே காற்று கிளப்பும். 450 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, 400 மில்லி மோர். பிசையக் கூடாது, கையால் கூட்டிச் சேர்த்து, மேலே சிலுவைபோல ஆழக் கீறி உடனே சூட்டில் வைக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் காற்று போய்க் கல்லாகும். சோடா மிஞ்சினால் மஞ்சள் பூத்துச் சோப்பு வாடை. ஊரில் தணலின் மேல் மூடிபோட்ட இரும்புச்சட்டி, மூடிமேலும் தணல். அமெரிக்க மாவு பல இடங்களில் கடினக் கோதுமை, கொஞ்சம் பிசைந்தாலே ரப்பராகும். அங்கே வெண்ணெய், முட்டை, சர்க்கரை, உலர்திராட்சை, கேரவே விதை எல்லாம் சேர்ந்து அது கேக் ஆகிவிட்டது. நகரத்தில் நல்ல மோர் கிடைப்பது அரிது, கோடையில் அந்த இருட்டறையில் அடுப்பை மூட்டவும் முடியாது. பலர் பேக்கரி ரொட்டிக்கே போனார்கள். “உன் கை ரொட்டி ஒன்று கிடைத்தால்” என்று தாய்க்கு எழுதுவதில் ஏக்கம் எவ்வளவு உண்டோ அவ்வளவு வேதியியலும் உண்டு.

பிறப்புச் செய்தியில் பெயரைக் கவனியுங்கள். வழக்கப்படி முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா. வரிசையில் ஒரு பெயர் இல்லையென்றால் அந்தப் பிள்ளை இறந்திருக்கலாம். ஒரு பிள்ளைக்கு வைத்த பெயரே சில வருடம் கழித்து இன்னொரு பிள்ளைக்கு வந்தால் அது ஏறக்குறைய உறுதி. ஞானஸ்நானப் பதிவு லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களை விடாதீர்கள். பெரும்பாலும் கூடப்பிறந்தவர்களாக இருப்பார்கள். யார் எந்த வருடம் அமெரிக்கா வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதற்குக் கடிதத்தைவிட அது நம்பகமான சாட்சி.

ஒரே பெயர் குவியும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். கார்க் மாவட்டத்தின் பேரா தீபகற்பத்தில் ஆலிஹீஸ் தாமிரச் சுரங்கம் படுத்ததும், அந்தத் தொழிலாளர்கள் மொன்டானாவின் பியூட் நகரத் தாமிரச் சுரங்கங்களுக்குக் கூட்டம்கூட்டமாகப் போனார்கள். அங்கே சல்லிவன், ஹேரிங்டன் என்ற இரண்டு குடும்பப் பெயர்களும் தெருவுக்குத் தெரு. கடிதங்களில் கிளைப்பெயர், பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். அந்தப் பட்டப்பெயர்களை ஒரு தாளில் தனியாகக் குறித்து வைக்காமல் பேரா கடிதங்களைத் தொடவே கூடாது.

கடிதமே நின்றுபோனால்? பாஸ்டனின் ‘பைலட்’ என்ற கத்தோலிக்கச் செய்தித்தாள் 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பிறந்த பங்கு (ஒரு பங்குத்தந்தையின் கோயில் வட்டாரம்), மாவட்டம், கிளம்பிய வருடம், இறங்கிய துறைமுகம், கடைசியாகக் கேள்விப்பட்ட வேலையிடம், தேடுபவர் யார் என்று நான்கைந்து வரிக்குள் எல்லாம் இருக்கும். மாவட்டத்துக்கு மேல் எதுவும் சொல்லாத அமெரிக்கப் பதிவுகளுக்கு நடுவில் பங்கின் பெயர் கிடைப்பது பெரிய விஷயம். எமிகிரன்ட் வங்கியின் கேள்விப் புத்தகங்களும் அப்படியே. கையெழுத்துத் தெரியாதவரை அடையாளம் காண, பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் எல்லாம் கேட்டு எழுதி வைத்தார்கள். அவை இப்போது நியூயார்க் பொது நூலகத்தில். கடிதத்தில் மறைத்த கணவனை வங்கியில் சொல்லியிருப்பாள்.

1909க்குப் பிந்திய கடிதங்களைப் படிக்கும்போது மட்டும் ஒரு கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஜனவரியில் 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அரசு முதியோர் பென்ஷன் வந்தது. முழுத்தொகை கிடைத்தால் வருடத்துக்கு 13 பவுண்டு. கிறிஸ்துமஸுக்கு மகள் அனுப்பும் இரண்டு மூன்று பவுண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிக்கல், அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864இல்தான். 70 வயதுக்காரரிடம் பிறப்புச் சான்றிதழ் எப்படி இருக்கும்? 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கைத் தேடினார்கள், ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார்கள், அதுவும் இல்லாதவர்கள் 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் தங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று அதிகாரியிடம் சொன்னார்கள். ஐந்து வருடம் முன்பு வரை “எனக்கு அறுபதுதான் ஆகிறது, இன்னும் உழைப்பேன்” என்று எழுதவைத்த அம்மா, 1909இல் சட்டென்று எழுபத்திரண்டு ஆகிவிடுவார். எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று பென்சிலால் திருத்திவிடாதீர்கள்.